பிடிவாதமா? தோஷமா? பயமா?

(சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் இன்னதென்று சொன்னால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிலருக்கு அருவருப்பும் வரலாம். இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தை வெளிக்குப் போகமாட்டேன் என்று மலத்தை அடக்கிக் கொள்ளுவதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். மோட்சத்தைப் பற்றியும் முன்ஜென்மத்தைப் பற்றியும் ஒருவர் மணிக்கணக்காய்ப் பேசினால் கைகட்டிக் கேட்கிற நம் ஜனங்கள், தங்கள் வீட்டுக் குழந்தை நான்கு நாளாய் வெளிக்குப் போகாமல் துடிப்பதைப் பற்றிப் பேசுவதை மட்டும் அசிங்கம் என்பார்களானால், அந்த அசிங்கம் குழந்தையின் வயிற்றில் இருப்பதைவிட நம் புத்தியில்தான் அதிகமாய் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

விருதுநகர் முதல் சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் வரையில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். துணியிலும் பாயிலும் கவலையில்லாமல் போய்க் கொண்டிருந்த குழந்தையைக் கக்கூசில் உட்காரப் பழக்குகிறார்கள். சில நாளில் அது போவதையே நிறுத்திக் கொள்ளுகிறது. கதவுக்குப் பின்னால் போய் நின்று கொள்ளுகிறது; கட்டில் காலைப் பிடித்துக் கொண்டு நுனிக்காலில் எழும்புகிறது; இரண்டு காலையும் பின்னிக் கொள்ளுகிறது; முகம் சிவந்து வேர்க்கிறது. பார்க்கிற பாட்டி, "பாவம், பிள்ளை முக்குது, வரமாட்டேங்குது" என்கிறாள். உண்மை அதற்கு நேர் மாறானது. குழந்தை வெளியே தள்ளுவதற்காக முக்கவில்லை. தானாக வருவதை வரவிடாமல் உள்ளே இறுக்கிப் பிடித்துக் கொண்டிருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்து கொண்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

இப்படிப்பட்ட குழந்தைக்கு நம் நாட்டில் இரண்டு காரணம் தயாராய் இருக்கின்றன. ஒன்று, பிடிவாதம்; அதற்கு மருந்து அடி. மற்றொன்று, தோஷம், அதற்கு மருந்து மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது, தொக்கம் எடுப்பது, குடல் தட்டுவது, சில இடங்களில் பச்சைக் குழந்தையின் வயிற்றில் சூடு போடுவது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடுவாரில்லை. அதுதான் பயம்.

பயம் எப்படி வந்தது?

ஒரு நாள் ஏதோ ஒரு காரணத்தால் மலம் கெட்டியாகிறது. காய்ச்சலில் தண்ணீர் சரியாய்க் குடிக்காமல் இருந்திருக்கலாம். சோறும் காயும் தின்னாமல் பாலும் பிஸ்கட்டுமாய் ஓட்டியிருக்கலாம். கெட்டியான மலம் வரும்போது ஆசனவாயில் கீறல் விழுகிறது. உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. பெரியவர்களுக்கு அது மூல வேதனை என்று சொல்லத் தெரியும். இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன சொல்லத் தெரியும்? வெளிக்குப் போனால் வலிக்கும் என்ற ஒன்றே அதற்குத் தெரியும். நெருப்பைத் தொட்ட கை மறுபடியும் நெருப்புக்குப் போகாதது எப்படியோ அப்படியே அக்குழந்தையும் மறுபடி போக மறுக்கிறது. இது பிடிவாதமானால், சுட்ட பாத்திரத்தைத் தொடாத நம் புத்தியும் பிடிவாதம்தானே?

மேலே என்ன நடக்கிறதென்று பாருங்கள். பெருங்குடலின் வேலைகளில் ஒன்று மலத்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிக் கொள்ளுவது. ஆகவே, எத்தனை நாள் உள்ளே தங்குகிறதோ அத்தனைக்கு மலம் கெட்டியாகிறது. கெட்டியாக ஆக வலி அதிகமாகிறது. வலி அதிகமாக ஆகப் பயம் அதிகமாகிறது. பயம் அதிகமாக ஆக இன்னும் இறுக்கி அடக்குகிறது. செக்குமாடு சுற்றுகிற மாதிரி இது சுற்றிக் கொண்டே இருக்கிறது. நாள் கணக்கில் அடைத்துக் கிடப்பதால் மலக்குடல் விரிந்து தளர்ந்து, வெளிக்கு வருகிறது என்ற உணர்ச்சியே மங்கிவிடுகிறது. பிறகு, உள்ளே அடைத்துக் கிடக்கும் கட்டியைச் சுற்றிக் கொண்டு தண்ணீராய் இருக்கும் மலம் குழந்தைக்குத் தெரியாமலே கசிந்து கால்சட்டையை நனைக்கிறது. இதைப் பார்த்துச் சிலர் "பேதியாகிறது" என்று பேதியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்து அடைப்பை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள். சிலர், "வேண்டுமென்றே துணியில் போகிறான்" என்று அடிக்கிறார்கள். நோய் ஒன்று, வைத்தியம் ஒன்று, தண்டனை ஒன்று. அத்தனையும் ஒரே பிள்ளைக்கு!

பட்டாசுத் தொழிலாளருக்கு நாம் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மருந்தைக் குத்தி இறுக்கிக் கட்டக் கட்ட வெடி பெரிதாகும் என்பது உங்களுக்குத் தெரியும். மருந்தை உரசாமல், தட்டாமல், அவசரப்படாமல் கையாளவேண்டும் என்றும் தெரியும். மருந்தினிடத்தில் காட்டுகிற அந்த நிதானத்தைப் பெற்ற பிள்ளையினிடத்தில் காட்டக்கூடாதா என்றுதான் கேட்கிறோம்.

நாம் செய்கிற வைத்தியம்

நிற்க. வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டைச் செருகுவது, குழந்தையைப் பிடித்து அமுக்கி விளக்கெண்ணெயை வாயில் ஊற்றுவது ஆகியவை நம் பக்கத்தில் வழக்கமாய் இருந்து வருகின்றன. செய்கிறவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள்; அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், அன்பு இருப்பதனாலேயே காரியம் சரியாகிவிடாது. எந்த இடத்தில் வலிக்கும் என்று குழந்தை பயந்து கிடக்கிறதோ அந்த இடத்திலேயே நாலுபேர் பிடித்துக் கொண்டு எதையாவது செருகினால் பயம் போகுமா, வளருமா? சோப்பின் காரம் அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கும். அழுகிற குழந்தையின் வாயில் எண்ணெயை ஊற்றினால் அது மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலையும் கெடுத்துவிடும். தொக்கம் எடுக்கிறவன் வயிற்றிலிருந்து எடுத்ததாய்க் காட்டுகிற பண்டம் எந்த வழியாய் வெளியே வந்தது என்று ஒருவராவது கேட்டதுண்டா?

மூடப்பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமென்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். 1914-ஆம் வருஷம் முதல் அமெரிக்க சர்க்கார் தாய்மார்களுக்காக வெளியிட்டு வந்த குழந்தை வளர்ப்புப் புத்தகம் அந்தக் காலத்தில் சில மாதக் குழந்தைக்கே வேளை தவறாமல் மலம் கழிக்கப் பழக்கும்படி சொல்லிற்று. நம்மவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். குழந்தையை இருவரும் பார்க்கவில்லை. 1962-ல் பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1,170 குழந்தைகளைக் கவனித்து எழுதியதன் பின்னரே, குழந்தை தயாரானதற்கு அடையாளம் தெரிந்த பிறகு அதன் போக்கிலேயே பழக்கவேண்டும் என்ற எண்ணம் அங்கே பரவலாயிற்று. தானாய் நடந்துபோய் உட்கார வேண்டும், சொன்னது விளங்க வேண்டும், வருகிறதென்று தெரிவிக்கத் தெரிய வேண்டும், இவைதான் அடையாளங்கள். அண்டை வீட்டுப் பிள்ளை ஒன்றரை வயதிலேயே பழகிவிட்டது என்பது அடையாளமாகாது.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொல்லுகிறோமா? இல்லை. நம் தாய்மார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் சேர்த்து ஆசனமாக்கி, அதன்மேல் குழந்தையைக் குந்த வைத்துக் கையால் தாங்கிப் பிடிக்கிறார்களே, அது நல்ல பழக்கம். முழங்கால் உயர்ந்து குந்தும்போது மலம் இறங்கும் வழி நேராகிறது. தாயின் பிடியில் விழுவோமென்ற பயமும் இல்லை. மேல்நாட்டு மாதிரிக் கக்கூசில் கால் தொங்க உட்கார வைப்பவர்கள் காலுக்கடியில் ஒரு பலகை வைக்க வேண்டுமென்பதும் இதே காரணத்தினாலேயாகும். நல்லதை வைத்துக் கொள்ளுவதும் கெட்டதைத் தள்ளுவதும்தான் பகுத்தறிவு.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, வலியை ஒழிக்க வேண்டும். வலி இருக்கும்வரை புத்திமதி ஏறாது. டாக்டரிடம் காட்டினால், அடைத்துக் கிடப்பதை முதலில் சில நாளில் வெளியேற்றவும், பிறகு மலம் தினமும் இளகி வரவும் மருந்து கொடுப்பார். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் பொடியும், லாக்டுலோஸ் என்னும் பாகும் இதற்கு வழங்குபவை. இவை குடலில் தண்ணீரை நிறுத்தி மலத்தை இளக்குகின்றன. இந்தியக் குழந்தை வைத்தியர்களின் சங்கத்தார் 2018-ல் வெளியிட்ட வழிமுறையும் இதையே சொல்லுகிறது. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நம் ஜனங்கள் தவறுவது எங்கே என்றால், இரண்டு நாள் நன்றாய்ப் போனவுடன் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். விரிந்த குடல் பழைய நிலைக்குச் சுருங்கவும், பயந்த மனம் பயத்தை மறக்கவும் மாதக்கணக்காகும். "பழகிவிடும்" என்று பயந்து நடுவில் நிறுத்துவதால்தான் நோய் திரும்புகிறது.

இரண்டாவது, பழக்குவதைச் சில காலம் நிறுத்தி வைக்க வேண்டும். துணி கட்டினால்தான் போவேன் என்று குழந்தை சொன்னால் கட்டிவிடுங்கள்; போவதுதான் முக்கியம், இடம் பிறகு. பயம் தெளிந்தபின் துணியோடு கக்கூசுக்குள் நின்று போகட்டும். பிறகு துணியோடு உட்காரட்டும். பிறகு துணி தானே போய்விடும்.

மூன்றாவது, சாப்பிட்டவுடன் குடல் அசைவது இயற்கை. ஆகவே, சாப்பாட்டுக்குப் பிறகு 5 முதல் 10 நிமிஷம் கதை சொல்லிக் கொண்டு உட்கார வைக்க வேண்டும். வந்தால் மெச்ச வேண்டும். வராவிட்டால், "சரி, எழுந்திரு" என்று சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்ததற்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். துணியில் போய்விட்டால் திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, மற்றப் பிள்ளைகள் முன் கேலி செய்யக்கூடாது.

நான்காவது, ஆகாரம். கீரை, கொய்யா, பப்பாளி, பயறு, கம்பு, கேழ்வரகு முதலியவை நமக்குக் கிடைக்காதவையல்ல. பாலை அளவோடு கொடுத்தால் மற்றதைத் தின்னப் பசி வரும். தண்ணீர் போதுமான அளவு வேண்டும்.

நிற்க. முழுவதும் பயம் என்று நினைத்துச் சும்மா இருக்கக்கூடாத சந்தர்ப்பமும் உண்டு. பிறந்து 48 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ கழியாமல் இருந்திருந்தாலும், பிறந்த முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கியிருந்தாலும், வயிறு உப்பிப் பச்சையாய் வாந்தி எடுத்தாலும், எடை ஏறாவிட்டாலும், காலில் பலம் குறைந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடலின் ஒரு பாகத்தில் நரம்புக் கண்ணறைகள் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. 1886-ல் ஹிர்ஷ்ஸ்பிரங் என்ற டென்மார்க் தேசத்து வைத்தியர் விவரித்த நோய் அது; அதற்கு ஆபரேஷன் வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைக்குத் தாயத்துக் கட்டிக் கொண்டிருப்பது கொலைக்குச் சமானமாகும். 2022-ல் விருதுநகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. தூரம் என்று சொல்லவும் இடமில்லை.

தாய்மேல் மட்டும் பழியா?

இவ்வளவும் கேட்ட ஒரு தாய், "விடிந்ததும் கம்பெனி வண்டி வந்து நிற்கிறது, குரோஸ் கணக்குக் கூலி, கதை சொல்லிக் கொண்டு உட்கார எனக்கு நேரமேது?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வியேயாகும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் புருஷர்கள். பிள்ளையைப் பெற்றது இருவர். கழுவிவிடுவது ஒருவர் என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? மகனுக்கு முடி இறக்க விடுமுறை போடுகிற தகப்பன், அவனைக் காலை பத்து நிமிஷம் கக்கூசில் உட்கார வைத்தால் ஆண்மை குறைந்துவிடுமா?

1986-ஆம் வருஷத்துச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் குழந்தைகளை வைக்கக்கூடாதென்றது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், சந்தோஷமே. ஆனால், தண்ணீர் இல்லாத, தாழ்ப்பாள் இல்லாத கக்கூசைக் கண்டு காலை முதல் மாலை வரை அடக்கிக் கொண்டிருக்கும் பிள்ளைகள், முக்கியமாய்ப் பெண் பிள்ளைகள், எத்தனை பேர்? உங்கள் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் போய்ப் பாருங்கள். கோவில் கொடைக்கு வரி போடத் தெரிந்த ஊருக்குக் கக்கூசுக்குத் தண்ணீர் விடத் தெரியாதா?

கடைசியாக ஒன்று. மலம் தீட்டு, அதை எடுக்கிறவன் தீண்டத்தகாதவன் என்று வைத்த நாடு இது. கையால் மலம் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. அந்த "சீ" என்ற வார்த்தையையே குழந்தை முதன்முதல் தன் மலத்தைப் பார்க்கும்போது நம் வாயிலிருந்து கற்றுக் கொள்ளுகிறது. தன் உடம்பிலிருந்து வருவது வெறுக்கத்தக்கது என்று கற்ற குழந்தை அதை ஒளிக்காமல் என்ன செய்யும்? கை கழுவக் கற்றுக் கொடுங்கள், சுத்தம் வேண்டியதுதான். வெட்கப்படக் கற்றுக் கொடுக்காதீர்கள்.

ஆகவே தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். இன்று வீட்டுக்குப் போய், கதவுக்குப் பின்னால் நுனிக்காலில் நிற்கிற உங்கள் குழந்தையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அது உங்களை எதிர்த்து நிற்கிறதா, வலிக்குப் பயந்து நிற்கிறதா என்று உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டே முடிவு செய்யுங்கள். பயந்து நிற்கிறதென்று தோன்றினால், ஓங்கிய கையை இறக்கிவிட்டு அந்தக் கையாலேயே குழந்தையைத் தூக்கிக் கொண்டு டாக்டரிடம் போகும்படி கேட்டுக் கொண்டு இதை முடித்துக் கொள்ளுகிறோம்.