முன்பக்கம் மாற்றும்போது பிரேக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்

(தோட்டக் கமிட்டி நடத்திய இளைஞர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றிப் பேச வேண்டிய இடத்தில் மோட்டார் சைக்கிள் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மேல் டிவிசனில் ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆசுபத்திரிக்கு எதில் கொண்டுபோகிறோம்? பக்கத்து லயத்துத் தம்பியின் பைக்கில். ஏ.எல். படிக்கும் பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டால்? அதே பைக்கில். அப்படியென்றால் அந்த பைக்கின் முன்சில்லு அந்தத் தம்பியின் சொந்த விஷயம் மட்டுமா? அது லயத்துக்கே பொது விஷயம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தது. 2025 இல் இறக்குமதி மறுபடி திறந்தாலும் புது பைக்கின் விலை நமக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. நாட்சம்பளமும் செக்ரோலில் பேர் விழுந்தால்தான் கைக்கு வரும். அதனால் பழைய பைக்கை ஓட்டுகிறோம். முன்பக்கம் அடிபட்டால் வேறு பைக்கில் கழற்றிய சாமானைத் தேடிப் போடுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்று தெரிந்து செய்ய வேண்டும்.

நாங்கள் செய்த பிழையையே முதலில் சொல்கிறோம்.

நம் கமிட்டித் தம்பி ஒருவரின் பைக் மதகில் மோதி முன்போர்க் வளைந்துவிட்டது. அது ட்ரம் பிரேக் பைக். மலிவாகக் கிடைத்தது என்று டிஸ்க் பிரேக் பைக்கில் கழற்றிய போர்க் கால்கள் இரண்டை வாங்கினோம். சில்லும் பிரேக்கும் பழையதே. எக்ஸல் பருமன் ஒத்துவரவில்லை. லேத்தில் புஷ் கடைந்தோம். சில்லு நடுவில் நிற்கவில்லை, இன்னொரு புஷ். கடைசியில் ஒரு பட்டை இரும்பு வைத்து ட்ரம் தட்டைக் கட்டினோம். சுற்றி நின்று பார்த்த நாங்கள் எல்லோரும் "சரி" என்றோம்.

அந்தத் தட்டுத்தான் விஷயம். ட்ரம் பிரேக் பிடிக்கும்போது சில்லோடு சேர்ந்து பிரேக் தட்டும் சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் பிடிப்பது போர்க் காலில் இருக்கும் ஒரு சின்னக் குமிழ். தட்டில் உள்ள பள்ளம் அதில் போய் உட்காரும். டிஸ்க் பைக்கின் போர்க் காலில் கலிப்பர் பூட்டும் காதுதான் இருக்கும், இந்தக் குமிழ் இருக்காது. நாங்கள் கட்டிய மெல்லிய பட்டை இறக்கத்தில் வளைந்தது. தட்டு சுற்றியது, பிரேக் கேபிளை இழுத்தது, சில்லு இறுகி நின்றது. பின்னால் அவருடைய அம்மா இருந்தார். வளைவு என்பதால் மெதுவாக வந்திருந்தார்கள். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. அந்த அம்மாவுக்கு நான்கு பேர் நட்டம். இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் இந்தக் கூட்டத்தில் நாங்கள் வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம்.

காசுக் கணக்கையும் பாருங்கள். போர்க் ஒரு கடையில், புஷ்ஷுக்கு லேத்துக்கு இரண்டு நடை, கராஜ் கூலி இரண்டு தடவை. எல்லாம் கூட்டினால், ஒரே பைக்கில் கழற்றிய முழு முன்பக்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது.

இதிலிருந்து படித்த பாடம் ஒன்றுதான். பொருத்தம் தப்பும் இடங்களைக் குறைக்க வேண்டும். போர்க், மேல் டீ, கீழ் டீ, சில்லு, எக்ஸல், பிரேக் எல்லாம் ஒரே பைக்கிலிருந்து ஒரே செட்டாக வந்தால், அவை தங்களுக்குள் ஏற்கனவே பொருந்தியவை. நாம் சரிசெய்ய வேண்டிய பெரிய இடம், சேசியின் கழுத்துக்குள் டீயின் தண்டு இறங்கும் இடம் மட்டும்தான். தண்டின் நீளத்தையும் பெயரிங் உட்காரும் அளவையும் பார்த்து, லேத் வேலை தெரிந்த பாஸ் ஒருவரிடம் ஒரே தடவையில் முடிக்கலாம். உங்கள் டீ நல்லதாக இருந்தால் இன்னும் சுலபம்: அதே பருமனில் போர்க் தேடுங்கள்.

சாமான் வாங்கப் போகும்போது வேர்னியர் கொண்டுபோங்கள். போர்க் குழாயில் 30, 31, 33, 37 மில்லிமீற்றர் என்று பல அளவு உண்டு. எக்ஸலில் 12 உண்டு, 15 உண்டு. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் தகரம் சுற்றி இறுக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் நம் டவுனில் வாங்கினாலும் ரிசீட் கேளுங்கள். திருட்டுச் சாமான் என்று பொலிஸ் பிடித்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்.

இனி, எங்கே மிச்சம் பிடிக்கலாம்? மட்கார்ட் கீறலோடு இருக்கட்டும். பெயின்ட் வேண்டாம். லைட் கவர் வேறு நிறமாக இருக்கட்டும், ஆனால் நம் பனிமூட்டத்தில் லைட் நன்றாக எரிய வேண்டும்.

எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது? கழுத்துப் பெயரிங், எக்ஸல், பிரேக் ஷூ அல்லது பேட், பிரேக் கேபிள் அல்லது ஹோஸ், போர்க் எண்ணெய் சீல். இவற்றில் தேய்ந்ததைப் போடாதீர்கள். இரண்டு போர்க் கால்களும் ஒரே பைக்குடைய சோடியாக இருக்க வேண்டும். உள்ளே ஒரே எண்ணெய், ஒரே அளவு. வளைந்த குழாயைத் தட்டி நிமிர்த்திப் போட வேண்டாம். அலுமினியப் போர்க் காலில் ரோட்டோரத்து வெல்டிங்கால் குமிழ் ஒட்டவும் வேண்டாம்; அது நிற்காது. சேசியின் கழுத்தை அரைக்கவே கூடாது. பல பைக்குகளில் சேசி நம்பர் அங்கேதான் அடித்திருக்கும். அது அழிந்தால் பைக் உங்களுடையது என்று நிரூபிப்பதே கஷ்டம்.

போர்க் நீளமும் முக்கியம். கட்டையான போர்க் போட்டால் முன்பக்கம் தாழும், ஹேண்டில் லேசாகித் துடிக்கும். இறக்கத்தில் அது ஆபத்து. நீளமானது போட்டால் வளைவில் திரும்ப மறுக்கும். பழைய போர்க்கைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

பூட்டி முடித்ததும் ரோட்டில் இறக்க முன் ஐந்து சோதனை.

ஒன்று, முன்சில்லைத் தூக்கி வைத்து, போர்க்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டக்" என்று அடிக்கக் கூடாது. ஹேண்டில் இரண்டு பக்கமும் தானாக விழ வேண்டும்.

இரண்டு, ஹேண்டிலைக் கடைசிவரை திருப்புங்கள். போர்க் டேங்கில் இடிக்கக் கூடாது, கேபிள் இறுகக் கூடாது. கீழ் டீயின் முட்டு சேசியின் முட்டில் நிற்க வேண்டும்.

மூன்று, பின்டயரைச் சுற்றி நூல் கட்டி இரண்டு பக்கமும் முன்னால் இழுங்கள். முன்டயர் இரண்டு நூலுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

நான்கு, போர்க்கை முழுதாக அமுக்கிப் பாருங்கள். டயர் மட்கார்டிலோ கீழ் டீயிலோ உரசக் கூடாது.

ஐந்து, முதலில் தள்ளிக்கொண்டு நடந்தே பிரேக் பிடியுங்கள். பிறகு தனியாக, மேட்டில் மெதுவாக ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். அதுவரை பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம்.

கடைசியாகக் கமிட்டிக்கு ஒரு யோசனை. ஒரு வேர்னியர், ஒரு டோர்க் ஸ்பேனர், ஒரு நல்ல ஸ்டாண்ட் ஆகியவற்றைத் தனியாள் வாங்கினால் பாரம். இருபது பைக்காரர் சீட்டுப் பிடித்தாற்போலச் சேர்ந்து போட்டால் பாரமில்லை. வாசிகசாலையில் வைத்துப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வேலை படித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகள் நம் லயத்திலேயே இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் எல்லா பைக்கையும் பார்க்கட்டும். அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுப்போம். நம் உழைப்புக்குக் கூலி கேட்கிற நாம் அவர்கள் உழைப்பை இலவசமாகக் கேட்கக் கூடாது.

கீழே நிற்கும் அந்த பைக்கைப் பாருங்கள். கறுப்பு உடம்பு, சிவப்பு மட்கார்ட், வேறு பைக்கின் முழு முன்பக்கம். அந்தத் தம்பியுடையதுதான். அழகில்லை. ஆனால் பிரேக் பிடித்த இடத்தில் நிற்கிறது. இன்று அவருடைய அம்மா அதில்தான் இந்தக் கூட்டத்துக்கு வந்தார்.