மழையும் பஞ்சாங்கமும்



ஐப்பசி, கார்த்திகை வந்தால் செல்லூர்க்காரருக்கு வானத்தைப் பார்ப்பதே வேலையாகிவிடுகிறது. 2024 அக்டோபர் 25-ந் தேதி பிற்பகல் கொட்டிய மழையில் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் பெருகி, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அதற்கு முந்திய வருஷம், 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. இவ்வளவு பெய்யுமென்று வானிலை இலாகா முன்கூட்டிச் சொல்லவில்லை.

உடனே புரோகிதர், "பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தை! பஞ்சாங்கமே மேல்" என்கிறார்.

மேலா? பஞ்சாங்கம், வருஷம் பிறக்கும் முன்பே அச்சாகி, "இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை" என்கிறது. செல்லூருக்கும் சென்னைக்கும் ஒரே மரக்கால்! எந்த நாள், எந்த ஊர், எத்தனை அங்குலம் என்று சொல்லாதவன் எப்படித் தவறுவான்? பொய்த்துப்போயிற்றென்று எந்தப் பஞ்சாங்கமாவது மறுவருஷம் ஒப்புக்கொண்டதுண்டா?

1875-இல் ஏற்பட்ட வானிலை இலாகா தவறுகிறது, நாம் மறுக்கவில்லை. கடலில் திரளும் புயலைச் செயற்கைக்கோள் காட்டிவிடும். சில மணி நேரத்தில் எழும்பும் இடிமேகம் எந்தத் தெருவில் கொட்டுமென்பது கஷ்டம். ஆனாலும் அது பெய்ததை அளந்து எழுதி வைக்கிறது. அந்தக் கணக்கைக் கொண்டுதான் நாமே அதைக் குற்றம் சொல்லுகிறோம். தவறு வெளியே தெரிகிற இடத்தில்தான் அறிவு வளரும்.

ஆகவே, வருண ஜபத்துக்கும் கழுதைக் கல்யாணத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். வாய்க்காலைத் தூர்வாரும்படி மாநகராட்சியைக் கேளுங்கள். மழை எப்போது வருமென்பதில் சந்தேகமிருக்கலாம். வந்தால் பள்ளத்துக்குத்தான் ஓடுமென்பதில் சந்தேகமில்லையே!