சேதுக்கரையின் சிலந்தி



சேதுவின் மகிமையைப் பேசப் புகுவோர் கோயிலையும் தீர்த்தங்களையும் பாம்பன் பாலத்தையும் புகழ்ந்து அமர்வதே மரபாயிருக்க, நான் மட்டும் இந்த இராமேசுவரத் தீவின் புளியமரப் பொந்துகளில் வாழும் ஒரு சிலந்தியின் பொருட்டுப் பேச எழுந்திருப்பது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்னும் ஆங்கிலேயர் உலகுக்கு அறிவித்து, இவ்வூர் அனுமவிலாசம் கோயிலின் பெயரைத் தழுவிப் பீசிலோதீரியா அனுமவிலாசுமிகா என்று நாமகரணம் செய்த அப்பிராணியைப் பற்றி இவ்வூராரிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

வலை விரித்து இரைக்குக் காத்திராமல், பகலெல்லாம் பொந்தில் ஒடுங்கி, இரவில் மரத்தண்டின்மீது அமர்ந்து பூச்சிகளைப் பாய்ந்து பிடிப்பது அதன் ஜீவனம். கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும் என்பது மெய்யே; ஆனால் மனிதரைத் தேடிவந்து தீண்டும் சுபாவம் அதற்கில்லை.

இதே சிலந்தி கடலுக்கு அப்பால் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் வாழ்வதை அந்நாட்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டனர். நீந்திக் கடல் கடக்கவோ பறக்கவோ இயலாத ஒரு ஜந்து இரு கரைகளிலும் குடியிருப்பதைக் காணுங்கால், கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியுகத்தில் இவ்விரு நிலங்களும் ஒன்றாய் இணைந்திருந்தமைக்கு அது ஓர் உயிருள்ள சாசனமென்று கருத இடமுண்டு.

அத்தகைய ஜீவனை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008இலேயே மிக அபாயமான நிலையில் உள்ளவற்றின் வரிசையில் சேர்த்துவிட்டது. அழகுக்காகச் சிலந்தி வளர்க்கும் அயல்நாட்டாரின் வாணிகத்தைக் கட்டுப்படுத்த, இது சேர்ந்த பீசிலோதீரியாப் பேரினம் முழுவதையும் 2019இல் ஒரு சர்வதேச வாணிக உடன்படிக்கையின்கீழ்க் கொண்டுவந்தார்கள். ஆனால் எந்த உடன்படிக்கையும் நம் தோப்பில் விழும் கோடரியைத் தடுக்காது. விடுதிக்கும் வீட்டுமனைக்கும் இடம் வேண்டித் தோப்புகளை அழிக்கும்போது, மரத்தோடு இச்சிலந்தியின் குடியும் அழிகிறது. இளங்கன்று நட்டு அந்நஷ்டத்தை ஈடுசெய்யலாமென்றால், கன்று முதிர்ந்து பொந்து விழ எத்தனை தலைமுறை காத்திருப்பது?

ஆகவே, நகராட்சியாரையும் கோயில் நிர்வாகத்தாரையும் தோப்புடையாரையும் நான் வேண்டுவது ஒன்றே: பொந்து விழுந்த முதுமரத்தைப் பயனற்றதென்று தள்ளாதீர்கள், வெட்டாமல் விட்டுவையுங்கள். அதற்குப் பணம் வேண்டாம், சட்டமும் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.