குடல் வளமும் ஊர் நலமும்

(ஜவ்வாது மலையில் ஊராட்சிப் பிரதிநிதிகளும் விவசாயிகளும் கூடிய சுகாதாரப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



நம் மலையிலே காவலூரில் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருப்பதை நீங்கள் யாவரும் அறிவீர்கள். 1968-இல் ஒரு சிறிய தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கிற்று. 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய பெரிய தொலைநோக்கி நிறுவப்பட்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களை அது காட்டுகிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றியே. அதைத் தேடி வானத்துக்குப் போக வேண்டுவதில்லை. அது நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் குடியிருக்கிறது.

வளர்ந்த ஒரு மனிதனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. அத்தனையையும் திரட்டி நிறுத்தால் சுமார் 200 கிராம்தான் தேறும். ஆயினும் நம் ஜீரணமும், உடல் வளர்ச்சியும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் இக்கூட்டத்தின் நலத்தைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன.

கிருமி என்றாலே நோய் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். ஆனால் பாலைத் தயிராக்குவது எது? கேழ்வரகுக் கூழைப் புளிக்க வைப்பது எது? அவரைச் செடியையோ துவரைச் செடியையோ பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்கு ஊட்டும் பாக்டீரியாக்கள் அம்முடிச்சுகளில் வாழ்கின்றன. உயிரற்ற மண்ணில் பயிர் செழிக்காது என்பதை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடலும் அத்தகைய விளைநிலமே.

அவை செய்யும் வேலை

இந்த நுண்ணுயிர்கள் நமக்குச் செய்யும் பணிகள் மூன்று.

முதலாவது, நம்மால் ஜீரணிக்க இயலாத நார்ச்சத்தை அவை புளிக்கச் செய்து சில அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடற் சுவரின் அணுக்களுக்கு இவ்வமிலங்களே ஆகாரம். சில வைட்டமின்களையும் அவை உண்டாக்கித் தருகின்றன.

இரண்டாவது, காவல் தொழில். பயிர் நெருங்கி வளர்ந்த வயலில் களைக்கு இடமில்லை. அதுபோல நல்ல நுண்ணுயிர்கள் நிறைந்த குடலில் நோய்க்கிருமி எளிதில் வேர் ஊன்றுவதில்லை.

மூன்றாவது, பயிற்சி. உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும் பகுதி குடலைச் சுற்றியே முகாமிட்டுள்ளது. எது உணவு, எது நட்புயிர், எது பகை என்று அவை பகுத்தறியக் கற்பது இந்நுண்ணுயிர்களோடு பழகித்தான். குழந்தை பிறந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே இக்கூட்டம் உருவாகி நிலைபெறுகிறது. தாய்ப்பாலில் குழந்தையால் ஜீரணிக்க முடியாத சில சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. அவை வீணாவதில்லை, குழந்தையின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு அவையே தீனி.

ஒடிசாவின் கிராமங்களில் நடந்த ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டிற்று. பிறந்த குழந்தைகள் 4,500-க்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு நல்ல பாக்டீரியா ஒன்றும், அதற்குத் தீனியான சர்க்கரைப் பொருளும் ஏழு நாட்கள் கொடுக்கப்பட்டன. இரத்தத்தில் கிருமி பரவும் நோயும் மரணமும் அவர்களிடம் 40 சதவீதம் குறைந்திருந்தன என்று 2017-இல் அறிவித்தனர். இதைக் கேட்டுவிட்டுப் பச்சிளங்குழந்தைக்கு எவரும் மோரோ தயிரோ புகட்டிவிடக் கூடாது. அந்த மருந்து ஆராய்ச்சியாளர் மேற்பார்வையில் கொடுக்கப்பட்டது. நம் வீட்டுக் குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும்.

வட ஆற்காடு கண்ட நோய்

இவ்வாராய்ச்சிகளெல்லாம் எங்கோ தொலைவில் நடந்தவை என்று நினைக்க வேண்டாம். நம் மலை அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1960 முதல் 1962 வரை, அம்மாவட்டத்துச் சிற்றூர்களில் ஒரு வயிற்று நோய் பரவிற்று. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், உடல் மெலிவு, இரத்தச் சோகை ஆகியவை அதன் குறிகள். உண்ட உணவு உடலில் ஒட்டவில்லை. பலர் மாண்டனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி. ஐ. மாத்தனும் இந்நோயை ஊர் ஊராக ஆராய்ந்தனர்.

அவர்கள் கண்டதை விளங்கிக்கொள்ளக் குடலின் உட்புறத்தை அறிய வேண்டும். சிறுகுடலின் உட்சுவரில், நாற்றங்காலில் அடர்ந்து நிற்கும் நாற்றுகளைப் போல, நுண்ணிய விரல்கள் எண்ணிறந்தவை நிற்கின்றன. அவற்றின் மேற்பரப்பு ஒரே ஓர் அணுவின் கனமே உள்ளது. உணவின் சத்தை உறிஞ்சுவன அவ்விரல்களே. நோயாளிகளின் குடலில் இவ்விரல்கள் குட்டையாகி மழுங்கிக் கிடந்தன. வேண்டாத பாக்டீரியாக்கள் சிறுகுடலில் குடியேறியிருந்தன. இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. நோயில்லாமல் நடமாடிய கிராமத்தாரின் குடலிலும் இத்தேய்வு ஓரளவு காணப்பட்டது.

இது பிறவிக் குறையா? இல்லை. 1960-களில் பாகிஸ்தானுக்குப் பணி செய்ய வந்த அமெரிக்க இளைஞர்களுக்கும் இதே தேய்வு உண்டாயிற்று. அவர்கள் தாயகம் திரும்பிய பின் சீரடைந்தது. அசுத்தமான சூழலில் நாள்தோறும் வாய் வழியே செல்லும் கிருமிகளோடு குடல் ஓயாமல் போராடுகிறது. அப்போராட்டத்தில் அது தேய்ந்துபோகிறது.

இதன் விளைவு குழந்தைகளிடம் மிகக் கொடியது. குழந்தை உண்கிறது, வயதுக்கேற்ற உயரம் வருவதில்லை. சத்துணவு கொடுக்கிறோம், அதில் ஒரு பங்கு குடலோடு போய்விடுகிறது. வாய் வழியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்தின் பலனும் குறைகிறது. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கு நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட தடுப்பு மருந்தை டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதித்தபோது, கடுமையான நோயை முதல் ஆண்டில் அது ஏறத்தாழ 56 சதவீதம் தடுத்தது. செல்வ நாடுகளில் இத்தகைய மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் பலன் தருகின்றன. இவ்வேறுபாட்டுக்குக் குடலின் தேய்வும் ஒரு காரணம் என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஆதலால் மருந்தைத் தவறாமல் கொடுப்பதோடு குடலையும் காப்பது நம் கடமை.

காலில் நுழையும் கேடு

குடலில் குடியேறும் மற்றொரு பகைவன் கொக்கிப்புழு. அது நுண்ணுயிர் அன்று. எனினும் அதே குடலைத்தான் கெடுக்கிறது. திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து அதன் முட்டைகள் மண்ணில் பொரிகின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து இளம்புழுக்கள் உட்புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. நம் ஜவ்வாது மலையும், சமவெளியிலுள்ள திமிரி வட்டாரமும் 2017-இல் தொடங்கிய ஒரு பன்னாட்டு ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆராய்ச்சி நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் புழு மாத்திரை கொடுப்பதா, ஊரார் அனைவருக்கும் கொடுப்பதா என்பதே அவர்கள் விடை தேடிய கேள்வி. இங்கே மிகுதியாகக் காணப்பட்டது கொக்கிப்புழுவே. மாத்திரை புழுவைக் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையைக் கொல்லாது. கழிப்பறையும் காலணியும் இல்லாவிடில் புழு திரும்பவும் வரும்.

சாமையை விற்று வெள்ளரிசி உண்பதா?

இனி ஆகாரத்தைப் பற்றிப் பார்ப்போம். நம் மலையின் செல்வம் சாமை. 100 கிராம் சாமையில் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து உண்டு. தீட்டிய வெள்ளரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. விளைந்த சாமையை வியாபாரியிடம் விற்றுவிட்டு மூன்று வேளையும் வெள்ளரிசி உண்ணும் வழக்கம் நம் ஊர்களில் பரவி வருகிறது. நம் குடலின் குடிகளுக்குரிய தீனியைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டு, அவற்றைப் பட்டினி போடுகிறோம்.

சாமையைக் குற்றித் தவிடு நீக்குவது பெண்களுக்குப் பெருந்தொல்லை என்பது உண்மை. அதற்கு இயந்திரம் வேண்டும். ஆனால் அரிசியைப் போல வெளுக்கும் வரை சாமையைத் தீட்டினால் நார்ச்சத்தும் தவிட்டோடு போய்விடும். உமி நீங்கினால் போதும். விளைச்சலைப் பெருக்க வேண்டுவோர் அத்தியந்தலிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் சிறுதானிய மையத்தை நாடலாம். அங்கு உருவான ஏ.டி.எல்.1 என்னும் சாமை இரகம் 2019-இல் வெளியிடப்பட்டது.

விலையுயர்ந்த டப்பா உணவு எதுவும் தேவையில்லை. டாக்கா நகரின் ஏழைக் குடியிருப்பில் மெலிந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் ஆகியவற்றாலான உணவைக் கொடுத்துப் பார்த்தனர். நல்ல நுண்ணுயிர்களை வளர்க்கவென்றே தேர்ந்த பண்டங்கள் அவை. வழக்கமான ஊட்டத் தின்பண்டத்தைவிட அதில் மாவுக் கொழுப்புச் சக்தி குறைவு. ஆயினும் அதை உண்ட குழந்தைகளே விரைவாக எடை கூடினர் என்று 2021-இல் வெளியிட்டனர். இப்பண்டங்களில் நம் சந்தையில் கிடைக்காதது எது?

மருந்துக் கடையில் நிதானம்

சளி பிடித்தாலும், சாதாரணக் காய்ச்சல் என்றாலும், மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். வைரஸால் வரும் சளியை அம்மாத்திரை தீர்க்காது. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையோ அது அழிக்கிறது. பயிரையும் களையையும் ஒருசேர அழித்த நிலத்தில் முதலில் முளைப்பது களைதான் அல்லவா? டாக்டர் எழுதிக் கொடுத்தால் உண்ணுங்கள், சொன்ன நாள் வரை உண்ணுங்கள், தாமாக வாங்காதீர்கள். அவசியமான வேளையில் அதே மருந்து உயிர் காப்பது. முன் சொன்ன வட ஆற்காட்டு நோயாளிகளைப் போன்றோருக்கு டெட்ராசைக்ளினும் போலிக் அமிலமும் கொடுத்தே குணப்படுத்துகின்றனர்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையுமே முதல் வைத்தியம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

குடல் நலம் தனி மனிதனின் காரியம் மட்டும் அன்று. ஒரு வீட்டார் கழிப்பறை கட்டி, பத்து வீட்டார் ஓடைக்கரையை நாடினால், அந்த ஒரு வீட்டுக் குழந்தையும் தப்பாது. ஆகவே கிராம சபையில் கீழ்க்கண்ட தீர்மானங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. குடிநீர் ஊற்றுகளையும் கிணறுகளையும் சுற்றி வேலியிட்டு, அவற்றின் மேட்டுப் பகுதியில் எவரும் மலம் கழிக்காமலும் மாடு கட்டாமலும் காக்க வேண்டும்.

2. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்து அரைமணி நேரம் கழித்தே நீரைத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

3. இரட்டைக் குழிக் கழிப்பறைகளைக் கட்டவும், கட்டியவற்றைப் பயன்படுத்தவும் செய்ய வேண்டும். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததற்கு மாற்றி, மூடிய குழியை ஓராண்டுக்கு மேல் மக்கவிட்டால் உரம் கிடைக்கும். ஊற்றுக்கு அருகிலும் மேட்டிலும் குழி தோண்டலாகாது.

4. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கை கழுவச் சோப்பும் தண்ணீரும் என்றும் இருக்க வேண்டும். குடற்புழு நீக்க நாளில் ஒரு பிள்ளையும் விடுபடலாகாது.

5. விளையும் சாமையில் வீட்டுக்கென ஒரு பங்கை ஒவ்வொரு குடும்பமும் ஒதுக்க வேண்டும். வீட்டருகே அவரை, துவரை, கீரை பயிரிட வேண்டும். உமி நீக்கும் இயந்திரத்தை மகளிர் குழுக்களின் பொறுப்பில் நடத்தலாம்.

பாலம் கட்டினால் எல்லோரும் காண்கிறார்கள்; திறப்பு விழா நடத்துகிறோம். ஓர் ஊற்றைச் சுத்தமாக வைத்திருப்பதற்கு விழா இல்லை. ஆனால் அதன் பயன் ஐந்தாண்டு கழித்து அங்கன்வாடியின் எடை, உயரப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். அப்பதிவேட்டைக் கிராம சபை தோறும் கேட்டு வாங்கிப் படியுங்கள். நம் மலைப் பிள்ளைகள் உண்ணும் ஒவ்வொரு கவளமும் அவர்கள் உடலில் சேர வேண்டும். அதற்கு வேண்டிய முயற்சியில் பஞ்சாயத்தார் முன்னிற்பீர்களென நம்புகிறோம். எமது அலுவலகத்தின் உதவி என்றும் உங்களுக்கு உண்டு.