பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நம் பிள்ளையே



குடும்ப நலக் கூட்டம் என்றால் கர்ப்பிணிப் பராமரிப்பு, தடுப்பூசி, கருத்தடை இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அவையெல்லாம் அவசியமானவைதான். ஆனால் பிள்ளை பிறந்தது, ஊசி போட்டோம், பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், அதோடு நம் வேலை முடிந்ததா? இல்லை. அந்தப் பிள்ளைக்கு 13, 14 வயது ஆகும்போது இன்னொரு கண்டம் வருகிறது. அந்தக் கண்டத்தைத் தாண்ட ஊர் எப்படித் துணை நிற்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஊர் ஊராகப் போகும்போது என் காதில் விழுவது இதுதான். "நல்லா படிச்சுக்கிட்டு இருந்த பயங்க, ஒன்பதாவது வந்ததும் எல்லாம் போச்சு." "வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா, செல்போனும் கையுமா மூலையில உட்கார்ந்திருக்கா." "அவங்கப்பா சிங்கப்பூர்ல இருக்காரு, நான் ஒருத்தி எத்தனை பார்க்கிறது?" இப்படிச் சொல்லும் தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

பச்சை பிடிக்கும் பருவம்

இதை விளங்கிக்கொள்ள நம் நாற்றங்காலே போதும். நாற்றங்காலில் நாற்று செழிப்பாக நிற்கிறது. அதைப் பறித்து, முடி கட்டி, வயலில் நட்டதும் என்ன ஆகிறது? வெளுத்துத் தலை சாய்ந்துவிடுகிறது. பச்சை பிடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. அனுபவமுள்ள விவசாயி அந்த நாட்களில், "நாற்று கெட்டுப்போச்சு" என்று பிடுங்கி எறிவாரா? மாட்டார். வேர் புது மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தண்ணீரை அளவாகக் கட்டிவிட்டு, தினம் ஒரு நடை வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்.

10 முதல் 19 வயது வரை உள்ள வளரிளம் பருவமும் அப்படித்தான். உடம்பு ஆள் போல் வளர்ந்துவிடுகிறது. ஆனால் பின்விளைவை யோசித்து, ஆத்திரத்தை அடக்கிக்கொள்ளும் மூளைப் பகுதி முழுமையாக முதிர 25 வயது வரை ஆகிறது. "மாடு மாதிரி வளர்ந்திருக்கே, புத்தி எங்கே போச்சு?" என்று நாம் கேட்கிறோம். புத்தி எங்கும் போகவில்லை. அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எப்போதும் அசதியாக இருக்கும் பெண்ணைச் சோம்பேறி என்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. திட்டுவதால் இரத்தம் ஊறாது. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும், கீரையும், பருப்பும், முட்டையும்தான் அதற்கு மருந்து.

அத்தையும் மாமனும் எங்கே?

முன்பெல்லாம் அப்பா அடித்தால் பிள்ளை ஓடிப்போய் உட்கார ஒரு அத்தை வீடு இருந்தது. அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சித்தியிடம் சொன்னது. மாமன் தோளில் கை போட்டு, "என்னடா மாப்ளே?" என்று ஒரு வார்த்தை கேட்பார். பாதி பாரம் இறங்கிவிடும்.

இப்போது குடும்பம் சிறுத்துவிட்டது. சிறு குடும்பம் வேண்டும் என்று வீடு வீடாக வந்து சொன்னவர்கள் எங்கள் துறையினர்தான். நீங்கள் கேட்டீர்கள். அதனால் தாயின் உடல்நலம் காக்கப்பட்டது, பிள்ளைகள் படித்தார்கள். அது நல்ல காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கணக்கை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரே பிள்ளை என்றால், நாளை அவன் பிள்ளைக்குக் கூடப்பிறந்த அத்தையும் இல்லை, சித்தப்பனும் இல்லை. போதாக்குறைக்கு அப்பா வெளிநாட்டில், அண்ணன் திருப்பூரில், அம்மா நடவு வேலையில். பிள்ளை யாரிடம் பேசும்? டாஸ்மாக் பக்கம் நிற்கிற கூட்டமும், கையில் இருக்கிற செல்போனும்தான் மிச்சம்.

ஆகவே, இரத்த உறவில் குறைந்துபோன அத்தையையும் மாமனையும் இனி தெருவிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் "சமூக வழிகாட்டித் துணை" என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். பெயர் புதிது, காரியம் பழசு.

இதனால் பயன் உண்டா?

உண்டு என்று பல இடங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் காவாய் என்றொரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த சுமார் 700 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற அம்மையார் குழுவினருடன் 40 வயது வரை தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடி, சண்டை நிறைந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக நிமிர்ந்து நின்றார். இவர்களுக்கு உதவியவற்றுள் முக்கியமான ஒன்று, அக்கறையோடு விடாமல் கவனித்த ஒரு பெரியவர். பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர்.

அமெரிக்காவில் 1904 முதல், தடுமாறும் பிள்ளைக்கு ஊரார் ஒருவரை அண்ணனாக, அக்காவாக ஏற்படுத்திக் கொடுக்கும் வழக்கம் உண்டு. 10 முதல் 16 வயதுள்ள 959 பிள்ளைகளை ஆராய்ந்து 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். துணை கிடைத்தவர்கள் பள்ளிக்கு மட்டம் போடுவதும், போதைப்பொருளைத் தொட்டுப் பார்ப்பதும் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. பின்னர் 2002-ல் இன்னொரு உண்மையும் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த துணைதான் அதிகப் பலன் கொடுத்தது. மூன்று மாதத்துக்குள் கைவிடப்பட்ட பிள்ளைகள், தங்களுக்கு மதிப்பே இல்லை என்று முன்னைவிடக் குன்றிப்போனார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரிங்க" என்று நீங்கள் சொல்லலாம். நம் நாட்டிலேயே பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில், 70-க்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே துணையாக வைத்தார்கள். வேறு சில பள்ளிகளில் டாக்டரும் அல்லாத, ஆசிரியரும் அல்லாத சாதாரண ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வைத்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. அந்தச் சாதாரண மனிதர் இருந்த பள்ளிகளில்தான் மனச்சோர்வும், கேலி அடிதடியும் குறைந்தன. ஆசிரியரை வைத்த பள்ளிகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மார்க் போடாத, பிரம்பு எடுக்காத ஒருவரிடம் பிள்ளை மனம் திறக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

நம் மண்ணில் நடந்தது

நாகப்பட்டினம் 1991 வரை நம் தஞ்சை மாவட்டத்தோடு இருந்த ஊர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அங்கே அன்னை சத்யா அரசு குழந்தைகள் இல்லம் தொடங்கப்பட்டது. அப்போது தஞ்சையிலிருந்து நாகைக்கு மாறிப்போன மாவட்ட ஆட்சியர் ஜெ. இராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளைப் போய்ப் பார்த்துப் பேசி வந்தார்கள். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் அந்தத் தொடர்பை விடவில்லை. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022-ல் கல்யாணம் நடந்தபோது, சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த அவர் நேரில் வந்து நின்று நடத்திவைத்தார். இடையில் 17 வருடம். பதவியால் செய்யக்கூடிய உதவிகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் மறக்காமல் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பதற்குப் பதவி வேண்டியதில்லை. அதை நீங்களும் நானும் செய்யலாம்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. நம் தெருப் பெண்களே மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளி திறந்தபின் சிறு பிள்ளைகள் மீட்டெடுத்த படிப்பில் ஏறத்தாழ கால்பங்கு இவர்களால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்த நம் தெருவுக்கு, 15 வயதுப் பிள்ளைக்குச் செய்வதும் முடியும்.

அரசும் 2014 ஜனவரியில் தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகளிலேயே பையன்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, தம் வயதினருக்குத் தோழர்களாக இருக்கச் செய்வது அதன் முக்கிய ஏற்பாடு. ஆனால் அவர்களும் 16, 17 வயதுப் பிள்ளைகள்தானே! அவர்கள் பின்னால் பெரியவர்கள் நிற்க வேண்டாமா?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் கணக்கில் தவறிவிட்டாள். வீட்டில் எல்லாருக்கும் கோபம். "படிச்சது போதும், ஒரு இடம் பார்த்து முடிச்சிடலாம்" என்று பேச்சு எழுகிறது. அவளுக்கு வயது 16. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "இந்த வருஷமே துணைத்தேர்வு இருக்குதும்மா, நான் கூட்டிட்டுப் போய்ப் பணம் கட்ட வைக்கிறேன்" என்று சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் வாழ்க்கையே திரும்பிவிடும். 18 வயதுக்கு முன் பெண்ணுக்கும், 21 வயதுக்கு முன் ஆணுக்கும் கல்யாணம் செய்வது சட்ட விரோதம் என்பதையும் அந்த அக்கா பதமாக எடுத்துச் சொல்லலாம். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு 2022-ல் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்ததைச் சொல்லலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. கணவனும் மனைவியும் கலந்து பேசி, தெருவில் ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்துப் பேர் வேண்டாம். பையனுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் துணை என்பது நல்லது. எங்க தெரு, அவங்க தெரு என்று பார்க்காதீர்கள்.

2. முதலில் பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். பேசுவது திண்ணையிலோ வாசலிலோ நாலு பேர் பார்வையில் இருக்கட்டும். தனியறை வேண்டாம். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

3. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். வரப்புக்குக் கூட்டிப்போங்கள், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டச் சேர்த்துக்கொள்ளுங்கள், முறுக்கு சுடக் கூப்பிடுங்கள். கை வேலை செய்யும்போதுதான் வாய் திறக்கும்.

4. உபதேசம் வேண்டாம். "அந்தக் காலத்துல நாங்க…" என்று தொடங்காதீர்கள். காது கொடுங்கள். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பது நம் பெரியவர்கள் சொன்னதுதானே!

5. சொன்னதை ஊரெல்லாம் பரப்பாதீர்கள். ஆனால் யாராவது தொட்டுத் தொல்லை செய்வதாகவோ, சாக வேண்டும் போலிருக்கிறது என்றோ பிள்ளை சொன்னால் அது இரகசியமல்ல. உடனே உதவி தேட வேண்டும்.

6. தொடங்கினால் ஒரு வருடமாவது விடாதீர்கள். முடியாது என்று தோன்றினால் தொடங்காமலிருப்பதே நல்லது.

அபாயக் குறிகள்

தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, பிடித்த விளையாட்டையும் விட்டுவிடுதல், தனியே இருந்து அழுதல், தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் இவை தெரிந்தால், "வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதால் பிழைத்த பிள்ளைகள் உண்டு.

நம் வீடுகளில் இன்னொரு ஆபத்து, பூச்சிமருந்து. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒரு நிமிடக் கோபம் உயிரைக் கொண்டுபோய்விடும். காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில், சென்னை ஸ்நேகா அமைப்பினர் விவசாயிகளின் மருந்தையெல்லாம் வீட்டில் வைக்காமல் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்து பார்த்தார்கள். மருந்து குடிக்கும் சம்பவங்கள் அங்கே குறைந்தன. அவ்வளவு ஏற்பாடு இல்லாவிட்டாலும் ஒரு பெட்டியும் பூட்டும் உங்களால் முடியும். சாவி பெரியவர் மடியில் இருக்கட்டும்.

மனக்கலக்கத்துக்கு 14416 என்ற எண்ணையும், குழந்தைகளுக்கு எந்த ஆபத்தானாலும் 1098 என்ற எண்ணையும் கூப்பிடலாம். இரண்டும் கட்டணமில்லாதவை. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தயங்காமல் கேளுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. முன்பு வாய்க்கால் தூர்ந்தால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து குடிமராமத்து செய்தோம். "என் வயல் தலைமடை, எனக்கென்ன?" என்று யாரும் சும்மா இருக்கவில்லை. அதுபோல இன்று வீட்டுக்கு ஒருவர், ஒரு பிள்ளைக்குத் துணை நிற்போம். உங்கள் தெருவில் இப்போது வெளுத்துத் தலை சாய்ந்து நிற்கும் நாற்று எது என்று இன்று இரவு கணவனும் மனைவியும் பேசுங்கள். நாளை காலையில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

பெற்ற பிள்ளை ஒன்றானாலும், பார்க்கும் பிள்ளை இரண்டாகட்டும்!