பழைய மோட்டார்களைக் கண்டு வந்தோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இரயில்வே எழுத்தருக்கு மோட்டாரைப் பற்றி என்ன பேச்சு என்று தாங்கள் நினைக்கலாம். சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பெங்களூரில் நடந்த பழங்கார்க் கண்காட்சிக்கு அத்திபெலே நம் காலனியிலிருந்து சில குடும்பங்கள் சென்று வந்தோம். கண்டதைச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். "குறள் வகுப்பை நிறுத்திவிட்டு இரும்பைப் பார்க்கப் போவதா?" என்று பெரியவர் சிலர் அன்று கடிந்துகொண்டனர். வேனில் சன்னலோர இடத்தை முதலில் பிடித்தவர்களும் அவர்களே.

திடலில் நின்ற கார்களின் அழகை என்னென்பது! பித்தளை விளக்குகள், மரத்தாலான ஆரக்கால்கள், முகம் பார்க்கும் அளவுக்குத் துலக்கிய மேனி. குழந்தைகள் 'டி' மாடல் ஃபோர்டை விட்டு நகர மறுத்தனர். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்யப்பட்ட வண்டி அது. மோட்டார் நமக்குப் புதிதன்று. 1903ஆம் ஆண்டிலேயே சென்னை சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920இல் ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் கோயம்புத்தூரில் இன்று கார்க் காட்சியகமே இருக்கிறது.

உடன் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், 'ஹாட் ராடு' என்னும் அமெரிக்க வண்டிகளைப் பற்றி விளக்கினார். 1930களில் கலிபோர்னியாவின் தென்பகுதி இளைஞர்கள் மலிவு விலையில் பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டு முதலியவற்றைக் கழற்றி எறிந்து, எஞ்சினுக்கு வலுவேற்றி, முரோக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் பந்தயம் ஓட்டினராம். 1932இல் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தபின் அவர்களைப் பிடிக்க ஆளில்லை. ஏழைப் பிள்ளைகளின் கைத்திறமை என்ற அளவில் அது நமக்கும் பிடித்திருந்தது. ஆயினும் நம் நாட்டில் அது செல்லாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியை உரிமையாளர் தம் மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது.

அவ்வாறெனில் நம்மவர்க்குக் கைத்திறமை இல்லையா? ஓசூர் லேலண்டுத் தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாகப் புறப்பட்டு நம் நெடுஞ்சாலையில் செல்லும் வண்டிகளைப் பாருங்கள். கதவில்லை, கூரையில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றோடு போராடி ஓட்டுகிறார் டிரைவர். அது நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டப்பெற்று, மணப்பெண் போல் இவ்வழியே திரும்பி வருகிறது. இதற்கெல்லாம் யாரும் கண்காட்சி வைப்பதில்லை.

திடலின் கோடியில் வெளிர்நீல நிற ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நின்றது. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட கார். எம் மகள் கையைப் பற்றி, "அப்பா, தாத்தாவின் கார் இதுதானே?" என்றாள். புகைப்படத்தில்தான் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். எம் தந்தையார் அரும்பாடுபட்டு வாங்கி, ஞாயிறு தோறும் தம் கையால் துடைத்துவந்த வண்டி அது. அவர் மறைந்த மறு ஆண்டே, நிறுத்த இடமில்லை என்று சொல்லி அதை எடைக்குப் போட்டுவிட்டோம். கிடைத்த பணத்தில் என்ன வாங்கினோம் என்பதுகூட இன்று நினைவில் இல்லை. மகளுக்கு, "ஆம் அம்மா, இதே போன்றதுதான்" என்று மட்டும் சொன்னோம்.

அவ்வேளையில் நம் காலனி மெக்கானிக் பெரியவர் அருகே வந்தார். முப்பது ஆண்டுகள் சென்னையில் ஸ்டாண்டர்டு வண்டிகளைப் பழுது பார்த்தவர். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு பானட்டைத் தூக்கினார். ஹெரால்டில் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கிச் சாயும். எஞ்சின் ஓசையைச் சிறிது கேட்டவர், "மூன்றாவது சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை, தம்பி" என்றார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியாயிற்று. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த அந்த உரிமையாளர் அவருக்கு நாற்காலி இட்டு, ஒரு மணி நேரம் ஐயம் கேட்டார். எழுபது வயதைக் கடந்த இவரிடம் தொழில் கற்க நம் காலனியில் ஒரு பிள்ளையும் இன்றுவரை வரவில்லை.

பெரியவரின் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாயின் கீழ் 1970ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்று உறங்குவது பலருக்குத் தெரியாது. அதை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிந்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண் பெறலாம். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். அன்றாடப் பயணத்திற்கு ஓட்டலாகாது, கண்காட்சிக்கு ஓட்டலாம். இதைக் கூறியதும், ஆறு மாதம் பொறுப்பதாக அவர் மகன் இசைந்துள்ளார்.

சென்ற ஞாயிறன்று தார்ப்பாயை அகற்றினோம். மாணவர் இருவர் உடன் வந்தனர். எஞ்சின் இறுகவில்லை, கையால் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மட்டும் வெடித்திருக்கிறது. உறவினர் வீட்டுப் பரணிலோ பழைய பட்டறையிலோ ஹெரால்டு மூடி கிடப்பதை அறிந்தவர் இருந்தால், விழா முடிந்ததும் வாயிலருகே நிற்கும் பெரியவரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.