நடிகை ஸ்மிதா பாட்டீல்: உழைப்பவள் முகம்

(ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ‘மிர்ச் மசாலா’ படம் காட்டப்படுவதற்கு முன் ஆற்றிய உரை)



பகல் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். கிராமத்திலிருந்து விவசாயத் தொழிலாளத் தோழர்களும் நடவு முடிந்து வயற்சேறு காய்ந்த காலோடு வந்திருக்கிறார்கள். திரை கட்டியாகிவிட்டது. ஆகையால் நாம் நீட்டிப் பேசப் போவதில்லை.

இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு லைன் வீடுகளில் போகும்போது, ரீலிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு தாயார் நம்மை நிறுத்திக் கேட்டார்: “ஏன் தோழரே, பஞ்சப்படி பேச்சு முடியலே, போனஸ் வரலே. அதுக்குள்ளே சினிமாக்காரி கதை பேசக் கூட்டமா? உங்களுக்கு வேற வேலை இல்லையா?”

நியாயமான கேள்வி. அந்த அம்மாள் இங்கேதான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

நாம் பேசப்போகும் நடிகையின் பெயர் ஸ்மிதா பாட்டீல். 1955 அக்டோபர் 17-ந் தேதி புனாவில் பிறந்தவர். தந்தை சிவாஜிராவ் பாட்டீல் மகாராஷ்டிரத்தில் மந்திரியாக இருந்தவர். தாய் வித்யாதாய் சமூக ஊழியர். ஆக, ஏழை வீட்டுப் பெண் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், பின்னால் இது பற்றி ஒரு கேள்வி வரும்.

1970-களின் தொடக்கத்தில் பம்பாய் டெலிவிஷன் நிலையத்தில் மராத்தி மொழியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஜீன்ஸ் கால்சட்டையோடு நிலையத்துக்கு வருவாராம். செய்தி வாசிக்கும் நேரத்துக்கு அதன் மேலேயே ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு உட்காருவாராம். இந்தக் கதையைப் பம்பாயில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். டெலிவிஷனில் அந்த முகத்தைப் பார்த்து ஷியாம் பெனகல் என்ற டைரக்டர் படத்துக்கு அழைத்தார். 1975-ல் முதல் படம்.

அந்த முகத்தில் அப்படி என்ன இருந்தது? கருத்த முகம். ஹிந்தி சினிமாவில் கதாநாயகி என்றால் பாலில் குளித்தவள்போல் இருக்க வேண்டும் என்பது முதலாளிகள் வகுத்த சட்டம். களை பறிக்கும் பெண்ணாக வருகிறவள்கூடப் பவுடர் பூசிக்கொண்டுதான் களத்துக்கு வருவாள்! வெயிலில் நிற்கிறவளின் நிறம் எது என்று நமக்குத் தெரியாதா? ஸ்மிதா பாட்டீல் அந்தக் கருத்த நிறத்தோடேயே, அந்தப் பெரிய கண்களோடேயே நின்றார். அவர் தலையில் குடம் வைத்தால் அது காலிக் குடமா, நிறைகுடமா என்பது கழுத்திலேயே தெரியும். குடம் சுமந்தவர்களுக்கு நாம் சொல்வது புரியும்.

1976-ல் ‘மந்தன்’ என்று ஒரு படம் வந்தது. கடைதல் என்று அர்த்தம். குஜராத்தில் பால்காரத் தரகனும் ஊர்ப் பெரிய மனிதனும் சேர்ந்து விவசாயிகளின் பாலை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் கூட்டுறவுச் சங்கம் எழுந்த கதை. அந்தப் படத்துக்குப் பணம் போட்டது யார்? எந்த சேட்டும் அல்ல. குஜராத் கூட்டுறவுச் சங்கங்களின் 5 லட்சம் விவசாயிகள், தலைக்கு 2 ரூபாய். மொத்தம் 10 லட்சம் ரூபாய்! படம் வெளிவந்தபோது லாரிகளில் ஏறி வந்து, தங்கள் படத்தைத் தாங்களே பார்த்தார்கள். அதில் ஸ்மிதா பாட்டீலுக்குக் கைக்குழந்தைக்காரியான ஓர் ஏழைப் பெண்ணின் வேஷம். பெயர் பிந்து. படித்த டாக்டர் ஊருக்கு வந்து பேசுவதை அவள் உடனே நம்பிவிடுவதில்லை. நம்மிடமும் முதல் தடவை சந்தா கேட்கும்போது நீங்கள் அப்படித்தானே பார்த்தீர்கள்?

அடுத்த வருஷம் ‘பூமிகா’. இங்கேதான் அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. மராத்தி நாடகத்திலும் சினிமாவிலும் புகழ்பெற்ற ஹன்ஸா வாட்கர் என்ற நடிகை தன் வாழ்க்கையை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவைத்துவிட்டுப் போனார். அதை அடிப்படையாக வைத்து எடுத்த படம். சிறுமியாக இருக்கும்போதே வீட்டுக்காகச் சம்பாதிக்க ஸ்டூடியோவுக்குள் நுழைகிறாள் ஒருத்தி. அவள் ஆடுகிறாள், பாடுகிறாள், சம்பாதிக்கிறாள். சம்பாதித்த பணம் புருஷன் கையில். எந்தப் படத்தில் நடிப்பது, எவ்வளவு சம்பளம் என்று பேசுவதும் புருஷன்தான். வெறுத்துப்போய் வெளியேறி, மரியாதையான குடும்ப வாழ்க்கை தேடி ஒரு பணக்கார நிலச்சுவான்தார் வீட்டுக்குப் போகிறாள். அங்கே வேளாவேளைக்குச் சோறு உண்டு, நகை உண்டு. வாசலைத் தாண்டத்தான் அனுமதி இல்லை!

அம்மா, இது யார் கதை? சினிமாக்காரி கதைதானா? கூலிக் கவரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அது யார் கைக்குப் போகிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆண் தோழர்கள் சிலர் இப்போது தரையைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நடிகையும் கூலிக்கு உழைக்கிறவள்தான். வெளிச்சத்தில் நின்று உழைக்கிறாள், அவ்வளவே. பதினாறு வயசுப் பெண்ணிலிருந்து வாழ்க்கையில் அடிபட்ட நடுவயதுப் பெண் வரை அந்த வேஷத்தைச் செய்தபோது ஸ்மிதா பாட்டீலுக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை. தேசிய விருது கிடைத்தது.

‘சக்ரா’ என்ற படத்துக்காக இரண்டாவது தடவையும் கிடைத்தது. பம்பாய்ச் சேரிக் குடிசையில் வாழும் பெண்ணின் வேஷம். அதற்காகச் சேரிகளுக்கே போய், ஜனங்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக் கற்றார். ஆனால் வியாபாரிகள் என்ன செய்தார்கள்? குடிசைக்கு வெளியே, திறந்த வெளியில் அந்தப் பெண் குளிக்கும் காட்சி ஒன்று வருகிறது. குளிக்க மறைவிடமில்லாத வாழ்க்கையைக் காட்டுவதற்காக எடுத்தது. அதையே போஸ்டராக அடித்துச் சுவர்களில் ஒட்டினார்கள்! வறுமையையும் காசாக்கத் தெரிந்தவர்கள்! அவருக்கு அது பெரிய மனவருத்தம்.

1980-ல் வந்த ‘ஆல்பர்ட் பிண்ட்டோ’ படத்தில் ஒரு மில் தொழிலாளியின் மகளாக வருகிறார். ஸ்ட்ரைக்கில் இருக்கும் தகப்பன். கார் ஒர்க்ஷாப்பில் வேலை செய்துகொண்டு முதலாளிமாரோடு உறவாடி, ஸ்ட்ரைக் செய்கிறவர்களைத் திட்டும் மகன். நம் லைன் வீடுகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லாமல் இல்லை. ஸ்மிதாவுக்கு அதில் சின்ன வேஷம்தான். கால் ஊனமான, சேலைக் கடையில் விற்பனை செய்யும் பெண்.

இன்னொரு படம் பற்றி விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரேம்சந்த் எழுதிய ஒரு கதையை 1981-ல் சத்யஜித் ராய் டெலிவிஷனுக்காகப் படமெடுத்தார்: ‘சத்கதி’. நற்கதி என்று அர்த்தம். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்த ஒருவன், மகள் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துச் சொல்லச் சொல்லி பிராமணர் வீட்டுக்குப் போகிறான். காய்ச்சலில் எழுந்தவன், வயிற்றில் ஒன்றுமில்லை. நாள் பார்க்க வேண்டுமானால் முதலில் வாசலைக் கூட்டு, உமியைச் சும, அந்தக் கட்டையைப் பிள என்கிறார்கள். கட்டையோ வைரம் பாய்ந்த கட்டை. பிளந்து பிளந்து அங்கேயே விழுந்து சாகிறான். கூலி கிடையாது, ஒரு பிடிச் சோறு கிடையாது. பிணத்தைத் தொட்டால் தீட்டு! காலில் கயிற்றைச் சுருக்கிட்டு, இழுத்துப்போய் ஊருக்கு வெளியே போடுகிறார் அந்தப் பெரியவர். அவன் பெண்டாட்டி ஜூரியாதான் ஸ்மிதா பாட்டீல். கொட்டும் மழையில் அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் வந்து அவள் அழுவதைக் கேட்டவர்கள் இரவில் தூங்க மாட்டார்கள். வசனம் மிகக் கொஞ்சம். நம் பெண்கள் பண்ணையார் வீட்டு வாசலில் போட்ட ஓலம் எல்லாம் அதில் இருக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். மந்திரி மகள் பட்டினிக்காரி வேஷம் போடலாமா? அவருக்கு என்ன தெரியும் என்று நமது இளந்தோழர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியையே ஒரு படமாக எடுத்தார் மிருணாள் சென். 1980-ல் வந்த ‘அகாலேர் சந்தானே’. பஞ்சத்தைத் தேடி என்று பொருள். 1943-ல் வங்காளத்தில் சுமார் 30 லட்சம் ஜனங்களைக் கொண்டுபோன பஞ்சத்தைப் படமெடுக்க ஒரு சினிமாக் கூட்டம் கிராமத்துக்குப் போகிறது. அதில் ஸ்மிதா பாட்டீல் ஸ்மிதா பாட்டீலாகவே வருகிறார்! வந்த கூட்டம் சந்தையிலுள்ள காய்கறி மீனையெல்லாம் வாங்கித் தின்ன, ஊருக்குள் விலை ஏறுகிறது. பஞ்சத்தைப் படமெடுக்க வந்தவர்களே பஞ்சத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று ஊர் பேசுகிறது. ஓய்வு நேரத்தில் பட்டினிப் போட்டோக்களை எடுத்துக் காட்டி, இது எந்த வருஷத்துப் பஞ்சம் என்று ஊகிக்கும் விளையாட்டு விளையாடுகிறார்கள். 1943-க்குப் பிந்திய படங்களும் அதில் கலந்திருக்கின்றன. முகத்தைப் பார்த்து வருஷத்தைச் சொல்ல முடியவில்லை. கடைசியில் படத்தை முடிக்காமலே கூட்டம் மூட்டை கட்டுகிறது. ஊர்ப்பெண் துர்க்கா அங்கேயே நிற்கிறாள்.

தெரியாததைத் தெரிந்ததாகப் பாவனை செய்யாமல், தன் பெயரையே வைத்துக்கொண்டு அந்தக் குற்றக் கூண்டில் ஏறி நின்ற நடிகை எத்தனை பேர்? நமது அபிப்பிராயம் இதுதான்: பிறப்பு அவர் கையில் இல்லை. கற்றுக்கொள்வது கையில் இருந்தது, கற்றுக்கொண்டார்.

குறையையும் சொல்ல வேண்டும். 1982 முதல் மழையில் நனைந்து ஆடும் பாட்டுப் படங்களிலும் நடித்தார். பல வருஷம் அப்படிப்பட்ட அழைப்புகளை மறுத்தவர்தான். ஆனால் சின்னப் படங்களை எடுத்தவர்களே, விலைபோகும் பெயர் வேண்டும் என்று பெரிய நடிகைகளைத் தேடிப் போனார்கள். பெயர்தான் வேண்டுமென்றால் சம்பாதித்துக் காட்டுகிறேன் என்று இவரும் இறங்கினார். அந்தப் படங்கள் பலவும் நமக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் மகிழ்ச்சி தரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மைப் பற்றி எடுத்த நல்ல படங்கள் நம் கொட்டகைக்கு வரவே இல்லை. மழைப்பாட்டுத்தான் வந்தது. இதற்கு நடிகை மட்டும் பொறுப்பா?

தமிழ்ப் பெண்ணாகவும் அவர் நடித்திருக்கிறார். 1985-ல் அரவிந்தன் மலையாளத்தில் எடுத்த ‘சிதம்பரம்’ படத்தில் சிவகாமி. மலைமேல் மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் முனியாண்டி, கல்யாணம் செய்து அழைத்துவரும் பெண். ஊரில் வெயிலில் வளர்ந்தவள், குளிர்ந்த புல்மேட்டில் பூக்களைப் பார்த்து வியந்து நிற்கிறாள். பண்ணை அதிகாரியின் கண் அவள்மேல் விழுகிறது. முனியாண்டி உயிரை விடுகிறான். மராத்திப் பெண்ணைத் திரையில் பார்க்கிறோம் என்ற நினைப்பே நமக்கு வரவில்லை. நம் ஊர் மருமகள் என்றே நினைத்தோம். அந்த வருஷம்தான் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது.

1986 நவம்பர் 28-ந் தேதி அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தை அடுத்து ஏற்பட்ட கோளாறினால், 15 நாள் கழித்து, டிசம்பர் 13-ந் தேதி இறந்துபோனார். வயது 31. பம்பாய் நகரம், பெரிய டாக்டர்கள், பணம் எல்லாம் பக்கத்தில் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பிரசவம் முடிந்த பத்தாம் நாளே களத்துக்குப் போகிற பெண்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள் தாய்மார்களே! அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சங்கத் தோழர்களை நடுராத்திரியிலும் எழுப்பலாம்.

பத்தே வருஷத்துச் சொச்சத்தில் ஏறத்தாழ 80 படங்கள். சில அவர் கண்ணை மூடிய பிறகுதான் வெளிவந்தன. இன்றைக்குப் பார்க்கப்போகும் ‘மிர்ச் மசாலா’வும் 1987-ல் அப்படி வந்ததுதான். கேதன் மேத்தா எடுத்தது. வெள்ளைக்காரன் காலத்துக் குஜராத் கிராமம். வரி வசூலிக்கக் குதிரைப் படையோடு வரும் சுபேதார், சோன்பாயி என்ற பெண்ணைக் கேட்கிறான். அவள் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டு ஓடுகிறாள். மிளகாய் இடிக்கும் பட்டறைக்குள் நுழைகிறாள். கிழக் காவல்காரர் அபு மியான் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறார். உள்ளே மிளகாய் இடிக்கும் கூலிப் பெண்கள். வெளியே சிப்பாய்கள். ஊர்ப் பெரிய மனிதர்களோ, ஒரு பெண்ணைக் கொடுத்து ஊரைக் காப்பாற்றிவிடலாம் என்று பஞ்சாயத்துப் பேசுகிறார்கள். உள்ளே இருக்கும் பெண்களிலேயே சிலர் சோன்பாயியைத் திட்டுகிறார்கள். அதைக் கவனமாகப் பாருங்கள். முடிவை நாம் சொல்லப்போவதில்லை.

வசனம் ஹிந்தியில் வரும். புரியாத இடத்தில் திரைக்குப் பக்கத்தில் நிற்கும் தோழர் சுருக்கமாகத் தமிழில் சொல்வார், சத்தம் போடாமல் கேளுங்கள். கைக்குழந்தைக்காரர்கள் முன்னால் பாயில் உட்காரலாம். பீடி பிடிப்பவர்கள் தயவுசெய்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வாருங்கள். ராத்திரி ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் ஓரமாக உட்கார்ந்தால் நடுவில் எழுந்துபோக வசதியாக இருக்கும். அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை பகலில் கொட்டகைக்குள் இன்னொரு தடவை காட்டுகிறோம்.

விளக்கை அணையுங்கள், தோழரே.